இன்னிக்கு ராவுக்கு என்ன ஆக்குறது?

பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரமாகிவிட்டால் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கு ராவுக்கு என்ன ஆக்குறது?" பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, கால் ஓய்ந்து வந்த தாயும் இதைத்தான் கேட்கிறாள். சிங்கப்பூரில் பத்தாவது மாடியில் குடியிருக்கும் அவள் மகளும் இதையேதான் கேட்கிறாள். வீட்டுக்காரர் சொல்லும் பதிலும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்: "எதையாவது ஆக்கு."

சின்னக் கேள்விதான். ஆனால் குடும்பத்தின் சம்பளம், கடைக் கடன், உடம்பு சுகம், பிள்ளைகளின் வளர்ச்சி, தாயின் களைப்பு இத்தனையும் அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றன. சம்பள உயர்வைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிற நாம், அந்தச் சம்பளம் கடைசியில் போய்ச் சேருகிற சோற்றுப் பானையைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

இதற்குச் சிங்கப்பூரை நாம் எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகும், செம்பனைக்கு மாறிய பிறகும், நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் பிழைக்கப் போயிருக்கிறார்கள். கூலாய், ஸ்கூடாய், மாசாய் பக்கங்களில் குடியேறி, விடியுமுன்னே எழுந்து, 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய், ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். இன்னொரு காரணம், அந்த நாடு தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. ஆகவே நம் பானையில் என்ன வேகவேண்டும் என்பதை யார் யாரெல்லாம் முடிவு செய்கிறார்கள் என்று அங்கே பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

தேக்காவில் காலையும் மாலையும்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மார்க்கெட் என்றால் தேக்காதான். சிராங்கூன் சாலை முனையில் 1915-இல் கட்டிய பழைய மார்க்கெட்டுக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாடும் பால்காரரும் நிறைந்த இடம். தேக்கா என்ற பெயரோ மூங்கிலைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. 1982-இல் பழைய மார்க்கெட்டை எடுத்துவிட்டு, எதிர்ப்புறம் கட்டிய புதிய கட்டடத்துக்குக் கடைகளை மாற்றினார்கள். அரசாங்கம் அதற்கு வேறு பெயர் வைத்தது. ஜனங்கள் விடவில்லை, தேக்கா என்றே சொல்லி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகவே தேக்கா என்று பெயர் திரும்பி வந்தது.

காலையில் அங்கே போனால் மனசு நிறையும். தெங்கிரி மீன், இறால், ஆட்டுக்கறி, முருங்கைக்காய், வாழைப்பூ, கட்டுக் கட்டாய்க் கருவேப்பிலை என்று எல்லாம் இருக்கும். ஆனால் மீனும் இறைச்சியும் விற்கும் மார்க்கெட் காலை வியாபாரம். மத்தியானத்துக்குள் பெரும்பாலான மீன்கடைக்காரர்கள் பலகையைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவருக்கு மிஞ்சுவது என்ன? பக்கத்தில் பஃப்ளோ ரோட்டுக் காய்கறிக் கடைகள், பலசரக்குக் கடைகள், அப்புறம் சமைத்த சாப்பாடு விற்கும் கடைகள்.

இங்கேதான் சங்கதி ஆரம்பிக்கிறது. வீட்டில் என்ன ஆக்குவது என்று ஆறு மணிக்கு, பசியோடும் களைப்போடும் யோசிக்கத் தொடங்கினால், யோசிப்பது நாமல்ல; களைப்புதான் யோசிக்கிறது. கண் எதிரே பரோட்டாவும் மீ கோரிங்கும் மணக்கின்றன. "பேசாம பொட்டலம் வாங்கிட்டுப் போயிடலாமே" என்று தோன்றும். சிங்கப்பூரில் தெருவோரக் கடைக்காரர்களை 1970-களிலும் 1980-களிலும் முறையான உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே இன்று சோறு கிடைக்கும். அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டுச் சபையின் யுனெஸ்கோ அமைப்பே உலகப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

கடைச் சாப்பாட்டை நாம் குறை சொல்ல வரவில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய கைத்துணை. ஆனால் தினந்தோறும் ராத்திரிச் சோறு பொட்டலத்தில்தான் என்றாகிவிட்டால், அதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எத்தனை துண்டு காய் என்பதையெல்லாம் நம் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார். காசு மட்டும் நம்முடையது.

பானைக்குப் பின்னால் எத்தனை கைகள்

களைப்பு ஒரு கை என்றால், விலை இன்னொரு கை. அந்தக் கை சில சமயம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது.

2022 ஜூன் முதல் தேதி, உள்நாட்டில் தட்டுப்பாடு என்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் வாங்கும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அதுவரை மலேசியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உயிர்க்கோழி நின்றுபோனதும் தேக்காவிலும் மற்ற மார்க்கெட்டுகளிலும் பல கோழிக்கடைகள் வெறிச்சோடின. உறைய வைத்த கோழிக்குப் பழகாத தாய்மார்கள் மீனுக்கும் முட்டைக்கும் மாறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தடை முழுதாக நீங்கியது.

அடுத்த ஆண்டு அரிசியின் முறை. 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு நூற்றுக்கு 20 வீதம் வரி விதித்தது. 2022-இல் சிங்கப்பூர் வாங்கிய அரிசியில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு இந்திய அரிசி. சிங்கப்பூர் விசேஷ அனுமதி கேட்டு, 50,000 டன்னுக்கு அனுமதி பெற்றது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. இதற்கிடையில் 2023 டிசம்பர் தொடங்கி 2024 மே வரை இந்திய வெங்காயத்துக்கும் தடை. வெங்காயம் இல்லாமல் குழம்பு தாளிக்க முடியுமா? அந்த மாதங்களில் எத்தனை வீட்டில் சாம்பாரில் சின்ன வெங்காயம் எண்ணிப் போடப்பட்டதோ!

சிங்கப்பூர் அரசாங்கம் அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் ஒரு குறிப்பிட்ட இருப்பைக் கிடங்கில் எப்போதும் வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. புழுங்கலும் பொன்னியும் பாஸ்மதியும் அதில் சேர்த்தி. நாட்டுக்கே கிடங்கு வேண்டியிருக்கிறது என்றால், நம் வீட்டுக்கு வேண்டாமா? சம்பள நாளன்று பத்து நாளுக்கு அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று எடுத்து வைக்கும் நம் பாட்டிமார் பழக்கம் பட்டிக்காட்டுப் பழக்கமல்ல.

கேள்வியே எழாத காலம்

"என்ன ஆக்குறது?" என்று கேட்க முடிவதே ஒரு வசதி. அந்த வசதி இல்லாத காலத்தை நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அரிசி வந்துகொண்டிருந்த கப்பல் வழி அடைபட்டது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கி, 1944 தொடக்கத்தில் ஆண்களுக்கு மாதம் 8 கட்டி, பெண்களுக்கு 6 கட்டி, பிள்ளைகளுக்கு 4 கட்டி என்று ஆயிற்று. ஒரு கட்டி சுமார் 600 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பு முறிய வேலை செய்யும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 160 கிராம் அரிசிதான். மூன்று வேளைக்கும் அதுதான்.

அப்போது ராத்திரிக்கு என்ன? மரவள்ளிக் கிழங்கு. காலையில் என்ன? மரவள்ளிக் கிழங்கு, இல்லையேல் சர்க்கரைவள்ளி. நம் தோட்டங்களிலும் இதே கதைதான். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் கிழங்கைத் தின்று உயிர் வைத்திருந்தார்கள். போர் முடிந்த பிறகும் பஞ்சம் விடவில்லை. 1946-இல் சிங்கப்பூர் அரசாங்கம் மலிவுச் சாப்பாட்டுக் கடைகளைத் திறந்து, 35 காசுக்கு ஒரு வேளைச் சோறு போட்டது. இன்றைக்கும் சில பெரியவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் கோபப்படுவது ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்றும் கேட்க முடியாதவர்கள்

போர்க்காலம் போய்விட்டது. ஆனால் கேள்வியைக் கேட்க முடியாத கூட்டம் இன்றும் உண்டு.

தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்து, விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு மாதக் கணக்கில் காசு கட்டிச் சாப்பாடு வருகிறது. காலைப் பசியாறலும் மத்தியானச் சோறும் பொழுது விடியுமுன்னே பொட்டலமாக வந்துவிடும். கொளுத்தும் வெயிலில் வேலையிடத்தில் தொங்கவிட்ட பை, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் பால்மரக் காட்டில் தூக்குச்சட்டி திறந்த நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் தொண்டு அமைப்புகள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகின்றன.

பெரிய விடுதிகளில் பொதுச் சமையற்கட்டு உண்டு. அங்கே தம்பிகள் ஒன்றுசேர்ந்து, காசு போட்டு, முறை வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, அப்பளம் என்று பைகளில் அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து வரிசையில் நின்று அடுப்புப் பிடித்து ஏன் சமைக்க வேண்டும்? வயிறு மட்டும் காரணமல்ல. காலையிலிருந்து மேஸ்திரி சொன்னதைச் செய்தவனுக்கு, ராத்திரி ரசத்தில் பூண்டு எத்தனை பல் போடலாம் என்பதாவது தன் விருப்பமாக இருக்கட்டும் என்ற ஆசை.

2020 ஏப்ரலில் கொரோனா நோய் விடுதிகளில் பரவியபோது அந்த ஆசையும் போயிற்று. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதியை விட்டு வெளியே வர முடியாமல் அடைபட்டார்கள். சமையற்கட்டுகளை மூடினார்கள். மூன்று வேளையும் வெளியிலிருந்து சாப்பாடு கொடுத்தார்கள். பட்டினி இல்லை, ஆனால் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அதே வேளையில் பாலம் அடைபட்டு, ஜொகூரிலிருந்து போன நம் பிள்ளைகளும் அக்கரையில் மாதக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். "அம்மா, ஒன் கையால ஒரு வாய் கருவாட்டுக் கொழம்பு" என்று தொலைபேசியில் கேட்ட குரல்கள் நம் தோட்டப்புற வீடுகளுக்கு மறந்திருக்காது.

ஆகவே, சொந்த அடுப்பும் சொந்தச் சட்டியும் உள்ளவர்கள் "எதையாவது ஆக்கு" என்று சொல்வது கையில் இருக்கும் உரிமையைக் கை நழுவ விடுவதற்குச் சமம் என்கிறோம்.

புழுங்கலரிசி கற்றுக்கொடுத்தது

உரிமை இருந்தால் போதுமா? அதை நல்லபடியாகப் பயன்படுத்த வேண்டும். இதற்கு நம் சொந்தச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். சிரம்பானில் வேலை பார்த்த பிராடன் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை நோய் தாக்குகிறது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அநேகமாகத் தொடுவதில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் ரோடு போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. 1909-இல் முடிவை வெளியிட்டார்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், அந்தச் சத்து பி1 உயிர்ச்சத்து என்பதும் பின்னால் தெரிந்தது. "கூலிக்காரன் அரிசி" என்று சிலர் முகம் சுளித்த அரிசிதான் நம் முன்னோரைக் காத்தது.

இன்றைக்கு நம்மைத் தாக்கும் நோய் வேறு. 2010-இல் சிங்கப்பூரில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், இந்தியர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. 2016-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு நீரிழிவை எதிர்த்துப் போர் என்றே அறிவித்தது. வெட்டுக் காட்டில் நாலு மணி நேரம் ஏறி இறங்கிய உடம்புக்கு ஒரு கும்பா சோறு தாங்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு அதே கும்பாச் சோற்றை உண்டு படுத்தால் உடம்பு என்ன செய்யும்? வேலை மாறியது, தட்டு மாறவில்லை. அதுதான் விவகாரம்.

அந்நாட்டுச் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னது. தட்டில் பாதி காயும் பழமும். கால் பங்கு தீட்டாத தானியம். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, இறைச்சி. நம் வீட்டில் பாதித் தட்டுக்கு மேல் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டி காயும் இருக்கிறது. திருப்பிப் போட்டால் போதும். குழம்பு மாறவேண்டியதில்லை, ருசி மாறவேண்டியதில்லை.

காலையிலேயே முடிவு செய்வோம்

சரி, செய்யவேண்டியது என்ன? நாம் பார்த்த வரையில் சிக்கனமாகவும் சத்தாகவும் சமைக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது. ராத்திரிச் சமையலை அவர்கள் காலையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வேலைக்குக் கிளம்புமுன் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறப்போட்டாலே பாதிச் சமையல் முடிந்த மாதிரி. சாயங்காலம் வந்ததும் கேள்வி இல்லை, அடுப்பு மட்டும்தான்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பட்டணத்துக்காரர்களுக்கு இல்லாத பாக்கியம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்னால் நாலடி மண். முருங்கை ஒன்று, கங்கோங் கீரை ஒரு பாத்தி, கருவேப்பிலை ஒரு செடி, மிளகாய் நாலு செடி. தேக்காவில் வெள்ளியை எண்ணிக் கொடுத்து வாங்குகிற அதே சாமான்கள்தான். மரவள்ளி இலையும் நல்ல கீரைதான். ஆனால் நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டே சாப்பிட வேண்டும். கைச் செலவு இறுக்கமான நாட்களில் ஒரு சார்டின் டின்னோ, முட்டையோ, தெம்பேயோ பிள்ளைகளுக்குப் புரதம் கொடுத்துவிடும். கருவாடு போடும் நாளில் குழம்புக்கு உப்பைக் குறையுங்கள். ரத்த சோகை உள்ள பெண்கள் சோறுண்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தி, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது.

மலிவான சாமானை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். சிங்கப்பூரின் புகழ்பெற்ற மீன்தலைக் கறி எதிலிருந்து வந்தது? போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்ற சமையற்காரர், பலர் ஒதுக்கிவிடும் மீன் தலையைப் புளியும் மசாலாவும் சேர்த்துக் கறியாக்கினார். சீனர்கள் விரும்பி வந்தார்கள். இன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து உண்ணும் பண்டம் அது.

கடைசியாக ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விடுதியில் இருக்கும் தம்பிகளில் பலர் ஊரில் இருந்தவரை கரண்டியைத் தொட்டதில்லை. அங்கே போன மறு மாதமே பத்துப் பேருக்குச் சோறு வடிக்கவும், காய் நறுக்கவும், அடுத்த நாளுக்கு என்ன என்று கணக்குப் போடவும் பழகிவிடுகிறார்கள். ஆக, ஆணுக்குச் சமையல் வராது என்பதெல்லாம் வெறும் சாக்கு. மனைவியும் நம்மைப் போல மரம் வெட்டிவிட்டு, தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தவள்தானே? யோசிக்கும் பாரத்தையும் ஆக்கும் பாரத்தையும் அவள் தலையில் மட்டும் வைப்பது என்ன நியாயம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை சோறுண்ட பிறகு எல்லாருமாக உட்காருங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ராத்திரிக்கும் என்ன குழம்பு, என்ன காய் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைக்கு வெங்காயம் உரிப்பவர் யார், சட்டி கழுவுபவர் யார் என்றும் எழுதுங்கள். அப்பா பெயர் இரண்டு நாளுக்காவது அதில் இருக்கட்டும். தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கடைக் கணக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.